கிழிக்க வேண்டிய அட்டை

கோவளம்
18 ஜூன் 2024

அன்புள்ள விஜி,

கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. தேதியை வலப்பக்கம் போடுவதா, இடப்பக்கம் போடுவதா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். எல்லாம் உன்னால்தான். ஏப்ரலில் செங்கல்பட்டுக்கு வீடு மாறிப் போனவள், போனால் போனதுதானா? உன் நம்பர் எப்போது போட்டாலும் அணைந்தே கிடக்கிறது. பொறுக்காமல் உன் வீட்டுக்காரர் பார்த்திபன் அண்ணனுக்கே போன் போட்டேன். "அவ இப்ப போனே வச்சிக்கறது இல்லம்மா, கண்ணு வலிக்குதாம். லெட்டர் போடு, நானே குடுக்கறேன்" என்று விலாசம் கொடுத்தார். நாலு டிப்பர் லாரியைக் கட்டி மேய்க்கிற மனுஷனுக்கு என்ன பொறுமை பார்!

நம் நூலகப் பிள்ளைகளின் கோடை முகாம் இந்த வருடம் நீயில்லாமல் நாசமாய்ப் போயிற்று. போன வருடம் நான் புத்தக அறை, நீ அட்டை செய்யும் மேசை என்று பிரித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். இந்த வருடம் இரண்டுக்கும் நானே. நான் வெட்டிய பட்டாம்பூச்சியைப் பார்த்து மீன் மார்க்கெட் தெரு ஸ்ரீதேவி, "இன்னா ஆன்ட்டி, கரப்பானா இது?" என்கிறாள். அவளுக்கு எட்டு வயது, வாய்க்கு எண்பது.

உன் மகள் அனுவுக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். ஆமை முட்டைகளைக் காவல் காக்கும் ஒரு நண்டின் கதை. பதினாறு பக்கம்தான். நீதி கீதி எதுவும் கிடையாது, அதனால்தான் எனக்குப் பிடித்தது. அனுவே வைத்துக்கொள்ளட்டும், திருப்பித் தர வேண்டாம். பதிலுக்கு உன் கையால் ஒரு அட்டை செய்து அனுப்பு. நூலகச் சுவர் மொட்டையாகக் கிடக்கிறது.

ஜெனிட்டா


செங்கல்பட்டு
2 ஜூலை 2024

அன்புள்ள ஜெனி,

கடிதமும் புத்தகமும் கிடைத்தன. அனு நண்டுக் கதையைத் தினமும் இரண்டு முறை படிக்கிறாள். நாங்கள் அனைவரும் நலம். வீடு வசதியாக இருக்கிறது. மாமியாரும் எங்களுடன்தான் இருக்கிறார்.

நீ கேட்டபடி ஒரு நண்டு அட்டை செய்திருக்கிறேன். போன வருட முகாமின் நான்காம் நாள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமே, அதே முறையில் செய்தது. குழந்தைகள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்தார்கள். உனக்கு நினைவிருக்கும். அதை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்.

உன் வீட்டுக்காரர் சாலமோன் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

விஜயகுமாரி


(அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒட்டியிருந்தது)

ஜெனி, கிழித்துவிட்டாய் அல்லவா? நல்லவள்.

'வயித்து அட்டை' என்று குழந்தைகள் பெயர் வைத்தார்கள். வயிற்றுக்குள் இரகசியம் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள், வாங்கியவர் கிழித்துப் படிக்க வேண்டும். அந்த விளையாட்டு இப்படி உதவும் என்று நினைக்கவே இல்லை.

எனக்குக் கண் வலி இல்லை. போனை அவர் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். என் அண்ணனிடம் பத்து நிமிடம் பேசினேன், அதற்காக. கேட்டை எப்போதும் பூட்டியே வைக்கிறார். சாவி மாமியாரிடம். உன் கடிதத்தை அனுவின் அப்பா படித்துவிட்டுத்தான் கொடுத்தார், என் கடிதத்தையும் அவர் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். "புள்ளைங்க விளையாட்டுதான, அட்டை கிட்டை எது வேணா அனுப்பிக்கோ" என்றார். அதனால்தான் இது.

கோவளத்தில் இருந்தபோதும் அடிப்பார். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கமெல்லாம் போய்விட்டது, பயம்தான் இருக்கிறது. போன வாரம் அனு குறுக்கே வந்து நின்றாள். அவளையும் தள்ளிவிட்டார். எங்களை இங்கிருந்து கூட்டிப் போ. எப்படி என்று அடுத்த அட்டையில் எழுதுகிறேன்.


கோவளம்
15 ஜூலை 2024

அடியே விஜி,

இவ்வளவு அழகாகச் செய்யாதே, மற்றவர்கள் என்ன செய்வது? எட்டுக் காலும் மடங்கி விரிகிறதே, எத்தனை நாள் உட்கார்ந்தாய்? அட்டையைக் கையில் எடுத்ததும் எவ்வளவு கெட்டி! உன் வேலை எப்போதும் அப்படித்தான், காலத்துக்கும் நிற்கும். நூலகத்தில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். கீழே உன் பெயர், பெரிய எழுத்தில்.

ஸ்ரீதேவி ஓரத்தை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தாள். "உள்ள இன்னாமோ கீது ஆன்ட்டி" என்கிறாள். கையில் ஒரு அடி வைத்தேன். பிய்க்காதே, மடக்காதே, எச்சில் தொட்டுப் புரட்டாதே என்று ஐந்து வருடமாகக் கத்துகிறேன், இந்தக் கழுதைகளுக்கு ஏறவே இல்லை.

நான்காம் நாள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நான் புத்தக அறையில் பூதக் கதை படித்துக்கொண்டிருந்தேன், தொண்டை கட்டியதுதான் நினைவிருக்கிறது. நீங்கள் என்ன கூத்தடித்தீர்களோ!

அனுவுக்கு அடுத்த புத்தகம் இதோடு வருகிறது. அட்டைப்பெட்டியில் பஸ் செய்து ஊரைச் சுற்றும் பெண்ணின் கதை. கடைசிப் பக்கத்தை அவளே வரைந்து முடிக்க வேண்டும்.

ஜெனிட்டா


செங்கல்பட்டு
1 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜெனி,

புத்தகம் வந்தது. அனு கடைசிப் பக்கத்தில் கடல் வரைந்திருக்கிறாள்.

அட்டையைச் சுவரில் மாட்டியிருக்கிறாய் என்று இவர் படித்துச் சிரித்தார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அட்டை மாட்டி வைப்பதற்கு அல்ல, ஜெனி. குழந்தைகள் கையில் கொடு. ஸ்ரீதேவி நோண்டினால் நோண்டட்டும். கிழிந்தால் கிழியட்டும், நான் வேறு செய்து தருகிறேன். இந்த முறை அனுப்பும் பஸ் அட்டையை முதலில் ஸ்ரீதேவியிடமே கொடு. மறந்துவிடாதே.

விஜயகுமாரி


(பஸ் அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒட்டியிருந்தது)

ஜெனி, முதல் அட்டையை நீ கிழிக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. ஒருவேளை அவர் படிப்பார் என்பதற்காக நீயும் நடிக்கிறாயோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. அவர் லாரி வாங்க ஓசூர் போகிறார், இரண்டு நாள் இருக்க மாட்டார். மாமியார் பத்து மணிக்குக் கோயிலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவார். அந்த அக்கா எனக்குத் திறந்துவிடுவாள். அனுவுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்கிறேன். உன் தம்பி ஜெபசிங்கின் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா. மாமல்லபுரம் பஸ் நிற்கும் இடத்தில் நிற்போம்.

வருகிறாய் என்றால், பதிலில் நண்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கேள். அனுவே வைத்துக்கொள்ளட்டும் என்று நீ கொடுத்தது, கேட்டால் எனக்குப் புரிந்துவிடும். அவருக்கு ஒன்றும் தெரியாது.


கோவளம்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள விஜி,

பஸ் அட்டையும் சுவரேறிவிட்டது, திட்டாதே. ஸ்ரீதேவி கையிலா கொடுப்பது? அந்தக் குரங்கு அரை மணி நேரத்தில் சக்கரத்தைக் கழற்றிவிடும். உனக்கு உன் வேலையின் அருமை தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. நண்டுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். கேளம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு சங்கடமான விஷயம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்த நண்டுப் புத்தகம் வேண்டும், விஜி. என்னிடம் வேறு பிரதி இல்லை. உன் அட்டையைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகள் எல்லாம் அந்தக் கதையைக் கேட்டு உயிரை எடுக்கிறார்கள். அனு கோபித்துக்கொள்ளாமல் கொடுத்தால் நல்லது. அவளுக்கு வேறு இரண்டு அனுப்புகிறேன்.

ஜெனிட்டா


செங்கல்பட்டு
10 செப்டம்பர் 2024

ஜெனி ஆன்ட்டிக்கு,

நான் அனு எழுதறேன். அம்மாவுக்கு வலது கை கட்டு போட்டிருக்கு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதறேன்.

நண்டுப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். நீ கேட்டாய், அதனால் அனுப்புகிறேன்.

(அம்மா இடது கையால புத்தகத்தக் கவர்ல போடறாங்க. நான் வெயிட் பண்றேன்.)

இனி அட்டை செய்ய முடியாது. கை சேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சுவரில் இருப்பது இருக்கட்டும்.

(நான் நல்லா இருக்கேன் ஆன்ட்டி. எனக்குக் காய்ச்சல் இல்ல. அன்னிக்கும் காய்ச்சல் இல்ல. அம்மா இதை எழுத வேணாம்னு சொல்றாங்க, எழுதிட்டேன்.)

அனு, 3ஆம் வகுப்பு


கோவளம்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள விஜி,

கையை உடைத்துக்கொண்டு கிடக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். பார்க்க வருகிறேன் என்றதற்கு, "இப்ப வேணாம்மா, ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சிக்கினு கீறோம். அப்புறமா சொல்றேன், வா" என்றார்.

நீயோ கல்லு மாதிரி நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறாய். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டதற்கா இவ்வளவு கோபம்? அது பதினாறு பக்கப் புத்தகம், விஜி. வேண்டுமென்றால் திரும்ப அனுப்பிவிடுகிறேன். மனதில் எதுவோ இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல். நான் என்ன ஜோசியக்காரியா?

ஜெனிட்டா


கோவளம்
4 டிசம்பர் 2024

விஜி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரப் புயல் மழையில் நூலகக் கூரை ஒழுகியது. நேற்றுதான் உள்ளே போக முடிந்தது. புத்தகங்களை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது சாலமோன் கூப்பிட்டார். "ஜெனி, இந்த அட்டைங்க ஊறிப்போய் வாயப் பொளந்துகினு கீது, உள்ள என்னமோ எழுதிக்கீது பாரு." உன் நண்டு. மைதாப் பசை கரைந்து, இரண்டு தாளும் தனித்தனியாகத் தொங்கின. பந்துமுனைப் பேனாவில் எழுதியிருந்ததால் ஒரு எழுத்துகூட அழியவில்லை. பஸ் அட்டையை நானே பிரித்தேன்.

தரையில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சாலமோன் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

இன்று காலை தம்பி ஜெபாவின் ஆட்டோவில் செங்கல்பட்டுக்குப் போனேன். மூன்றரை மாதம் கழித்து! பார்த்திபன் வீட்டில் இல்லை. அவன் இருக்கும் நேரத்தில் போகக் கூடாது என்று தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். அவனை இனிமேல் அண்ணன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா கேட் வழியாகவே பேசினாள். "அக்டோபர்லியே அவங்கள அச்சிறுப்பாக்கத்துல அண்ணன் ஊட்ல வுட்டுட்டு வந்துட்டாரு. பாப்பா மட்டும் இங்க கீது" என்று சொல்லி, விலாசத்தை ஒரு பால் கவரில் எழுதிக் கொடுத்தாள்.

நீ பஸ் ஸ்டாண்டில் நின்றாயா, விஜி? நான் புத்தகத்தைக் கேட்டதை நம்பி நின்றாயா? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஸ்ரீதேவி கேட்டாள், அதனால் கேட்டேன். அந்தப் பிள்ளை உள்ளே என்னவோ இருக்கிறது என்று சொன்னபோது கையில் அடித்தேன். அந்தக் கையைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்.

ஜெனிட்டா


அச்சிறுப்பாக்கம்
19 டிசம்பர் 2024

ஜெனி,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு சேர்ந்துவிட்டது, ஆனால் பேனா நிற்பதில்லை. கத்தரிக்கோலும் நிற்பதில்லை. என் அண்ணனிடம் போன் இருக்கிறது, நம்பர் தர மாட்டேன். உன் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

ஆமாம், நின்றோம். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும். நாலு பஸ் போயிற்று. ஏறிப் போயிருக்கலாமே என்று நினைப்பாய். நாங்கள் பஸ்ஸில் போய், நீ ஆட்டோவில் வந்து, எங்களைக் காணாமல் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டிவிட்டால் என்ன செய்வது என்றுதான் நின்றேன். வருகிறேன் என்று நீ சொல்லிவிட்டாய், அதனால் நின்றேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் பத்தரை பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன்.

மூன்று மணிக்கு அவருடைய லாரி டிரைவர் வாசுதேவன் பார்த்துவிட்டான். "இன்னா அண்ணி, பையெல்லாம் எடுத்துகினு எங்க கெளம்பிட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நல்லவன்தான். அவருக்குப் போன் போட்டு, அண்ணிக்கு வண்டி ஏதாவது ஏற்பாடு பண்ணட்டுமா என்று கேட்டிருக்கிறான். மறுநாள் சாயங்காலம் கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் என் கையை வைத்துச் சாத்தினார். அனு பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினேன் என்று சொன்னேன். அட்டைகளைப் பற்றி இன்றுவரை அவருக்குத் தெரியாது.

நீ தெரிந்து செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. முகாமில் பன்னிரண்டு நாள், ஜெனி. ஒரு நாள்கூட நீ என் மேசைக்கு வந்து உட்காரவில்லை. வாசலில் நின்று "அழகு, அழகு" என்று சொல்லிவிட்டுப் போவாய். உனக்கு எழுத்து இருந்தால் போதும். அட்டையிலும் எழுத்து இருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

சரி. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன்.

அனு அவரிடம் இருக்கிறாள். போலீஸில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வக்கீலையும் பார்த்தாகிவிட்டது, மாதக்கணக்கில் ஆகும் என்கிறார். அவளிடம் பேச விடவில்லை. பள்ளி வாசலில் ஒரு நாள் நின்றேன். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேனில் ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். "உங்கம்மா உன்ன வேணாம்னு சொல்லிட்டு போய்ட்டாடி" என்று அனுவிடம் அவர் சொல்லி வைத்திருக்கிறாராம். அவள் அதை நம்பிவிட்டாள், ஜெனி. எட்டு வயதுக் குழந்தை வேறு எதை நம்பும்? அடித்ததுகூட எனக்குப் பெரிதில்லை. இதுதான் என்னைக் கொல்கிறது.

நீ அவருக்கு நூலக ஆன்ட்டி. எதையும் சுவரில் மாட்டுகிற ஆள். உன்மேல் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நீ அனுவுக்குப் புத்தகம் அனுப்பு, கூடவே ஒரு அட்டையும். இதோடு மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள் அவளுக்கு நான் எழுதியது. நீ படிக்காதே.

ஒட்டுவது எப்படி என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். மைதாவைத் தண்ணீராகக் காய்ச்சு, கட்டி தட்டக் கூடாது. சார்ட் பேப்பரின் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குத் தடவு, நடுவில் படக் கூடாது. ஒரு மூலையில் நகம் நுழையும் அளவு இடம் விடு. மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து ஒரு நாள் காய விடு. உன் அறையில் கனமான புத்தகத்துக்குப் பஞ்சமில்லை.

அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், குறிப்பும் கொடுக்க வேண்டாம். அவள் என் மேசையில் உட்கார்ந்து வளர்ந்தவள். கையில் எடுத்ததும் கனம் தெரியும் அவளுக்கு.

அவள் கிழிப்பாள்.

விஜி


கோவளம்
27 ஜனவரி 2025

விஜி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வந்து உன் கையில் கொடுக்கிறேன். உன் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதி எடுத்து வருகிறேன். உள்ளே வா என்று நீ சொல்ல வேண்டாம்.

ஐந்து அட்டை பாழாயின. முதலாவதில் பசை நடுவரைக்கும் ஓடிவிட்டது. நல்லவேளை, உன் தாளை வைக்காமல் வெறும் தாளை வைத்துப் பழகினேன். ஐந்தாவதை ஸ்ரீதேவி வாங்கிப் பார்த்துவிட்டு, "மூலைய ஒட்டிட்டீங்க ஆன்ட்டி, நகம் எப்டி பூரும்?" என்றாள். ஆறாவதை அவளும் நானும் சேர்ந்து ஒட்டினோம். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பழைய நண்டுப் புத்தகத்தோடு ஜனவரி 3ஆம் தேதி அனுவுக்கு அனுப்பினேன். உன் தாளைப் படிக்கவில்லை.

மூன்று வாரமாகத் தபால்காரரைத் தெருவிலேயே மறித்துக் கேட்டேன். இன்று அனுவிடமிருந்து ஓர் அட்டை வந்தது. படமில்லை, ஜிகினா இல்லை, ஒரு பூகூட இல்லை. வெறும் நீலச் சார்ட் பேப்பர். மேலே எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெனிட்டா ஆன்ட்டி அவர்களுக்கு, புத்தகம் கிடைத்தது. எனக்குப் பள்ளியில் படிக்க நிறைய இருக்கிறது. இனிமேல் புத்தகமோ அட்டையோ எதுவும் அனுப்ப வேண்டாம். இப்படிக்கு, அனு."

எழுத்து அவளுடையது. வார்த்தை யாருடையது என்று உனக்கே தெரியும். இனி நான் அனுப்பினால் அவள் கைக்குப் போகாது. அந்த வழியும் அடைந்துவிட்டது, விஜி. அதைச் சொல்லாமல் மறைத்து உனக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனதில்லை.

ஆனால் அட்டை கனமாக இருக்கிறது. ஓரம் நாலும் ஒட்டியிருக்கிறது, ஒரு மூலை மட்டும் திறந்திருக்கிறது. டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே மடித்த தாளின் நிழல் தெரிகிறது. "கிழிக்கட்டா?" என்று ஸ்ரீதேவி கையை நீட்டினாள். சாலமோனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் கிழிக்கவில்லை, அப்படியே உனக்குக் கொண்டு வருகிறேன். இது எனக்கு வந்தது இல்லை.

ஜெனிட்டா